இறக்கும் இடம், ஏறும் இடம்: வாசகர் கேள்வி – பதில்

வைகையில் தண்ணீர் ஓடும் நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த நாட்களில் படகு விட ஆசைப்பட்டுப் பலர் எழுதியிருக்கிறார்கள். எல்லாரும் படகை எங்கே இறக்கலாம் என்றே கேட்கிறார்கள். எங்கே கரையேறலாம் என்று கேட்டவர் ஒரே ஒருவர். அவருக்கே முதல் பதில்.

நண்பர்கள் நால்வர் சேர்ந்து பதினாறடி கேனோ (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுக்கமான படகு) ஒன்று வாங்கியிருக்கிறோம். சோழவந்தான் பக்கம் இறக்கி, ஆற்றோடு கிழக்கே போக எண்ணம். கரையேறும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? (தென்கரை வாசகர்)

பதினாறடிப் படகில் இருவர் ஏறலாம், நெருக்கினால் மூவர். நாலாமவர் வண்டியோடு கரையில் வரட்டும்; அவருக்கும் வேலை இருக்கிறது.

பயணம் முடியும் இடத்திலிருந்து தொடங்குங்கள். முதல் நாளே அங்கே போய், கரையிலிருந்து தண்ணீர் வரை இறங்கி நடந்து பாருங்கள். கைபேசியில் தெரியும் செயற்கைக்கோள் படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது என்றைக்கோ எடுத்த படம். அதில் வெள்ளையாய்த் தெரிந்த மணல்திட்டில் இன்று நாணலும் கோரையும் ஆளுயரம் நிற்கலாம், அதற்குப் பின்னால் சீமைக் கருவேலம் வேலி கட்டியிருக்கலாம்.

ஆறு வளையும் இடத்தில் உள்வளைவைப் பாருங்கள். அங்கே நீர் மெதுவாகப் போவதால் மணல் படிந்து கரை சாய்வாக இருக்கும். எதிர்ப்பக்க வெளிவளைவில் வேகமும் ஆழமும் அதிகம். கரையும் அரித்துச் செங்குத்தாய் நிற்கும், சாய்ந்த மரங்களும் அங்கேதான் கிடக்கும். அந்தப் பக்கம் கரையேற முயலவே வேண்டாம். விழுந்த மரத்தின் கிளைகளுக்குள் தண்ணீர் புகுந்து போய்விடும், ஆள் போக முடியாது. ஆற்றில் உயிர் போவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இடம் பிடித்துவிட்டதா? ஒரு கம்பால் தரையைக் குத்திப் பாருங்கள். மணல் என்றால் கம்பு கொஞ்சம் இறங்கி நிற்கும். வண்டல் என்றால் முழங்கை அளவு போய்விடும்; அதில் கால் வைத்தால் செருப்பு போகும், சில நேரம் ஆளும் சிக்குவார். மணல் அள்ளிய பழைய பள்ளங்கள் இன்னும் மோசம். கணுக்கால் தண்ணீரில் நடந்துகொண்டே இருப்பீர்கள், அடுத்த அடியில் தலை முழுகும். அதனால் கரையேறும் இடத்தில் முழங்கால் ஆழத்தில் படகின் நீளத்துக்காவது தட்டையான தரை இருக்கிறதா என்று கம்பூன்றி நடந்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது வேகம். கரையோரம் பத்து மீட்டர் அளந்து இரண்டு குச்சி நடுங்கள். மேல் குச்சிக்கு நேரே ஒரு தேங்காய் மட்டையைப் போட்டு, கீழ்க் குச்சிக்கு வர எத்தனை வினாடி என்று எண்ணுங்கள். இருபது வினாடிக்கு மேல் என்றால் புதியவரும் நிதானமாகக் கரை சேரலாம். பத்து வினாடி என்றால் மணிக்கு 3.6 கிலோமீட்டர். புதியவர் ஓயாமல் துடுப்புப் போட்டாலும் எதிரே ஏற முடியாத வேகம் அது, கரையேற வேண்டிய இடத்தைத் தவறவிட்டால் திரும்ப வழியில்லை. திருவேடகத்தில் சம்பந்தர் விட்ட ஏடு வைகையை எதிர்த்துப் போய்க் கரை சேர்ந்ததாகத் தலபுராணம் சொல்கிறது. நம் படகுக்கு அந்த வரம் கிடையாது.

கரையேறும்போது படகின் முனை நீர் வரும் திசையைப் பார்க்கட்டும். முனையை முதலில் கரையில் செருகினால், நீர் பின்பக்கத்தைத் தள்ளிப் படகைக் குறுக்கே திருப்பிக் கவிழ்த்துவிடும். சற்று முன்பே படகைத் திருப்பி, நீரை எதிர்த்து மெல்லத் துடுப்புப் போட்டபடி சாய்வாகக் கரையை நெருங்குங்கள். முன்னால் இருப்பவர் கயிற்றோடு முதலில் இறங்கட்டும். முனையில் பத்து மீட்டர் கயிறு எப்போதும் கட்டியிருக்க வேண்டும். இறங்குகிறவர் படகுக்குக் கீழ்ப்பக்கம், அதாவது தண்ணீர் போகும் பக்கம், நிற்கவே கூடாது. நீர் நிறைந்த கேனோ அரை டன்னைத் தாண்டும். அது தள்ளிக்கொண்டு வந்தால் பாறைக்கும் படகுக்கும் நடுவே நசுங்க வேண்டியதுதான்.

நாலாமவர் வேலை என்ன? கரையேறும் இடத்தில் சிவப்புத் துணி ஒன்றை உயரக் கட்டிவைத்துக் காத்திருப்பது. ஆற்றுக்குள்ளிருந்து பார்த்தால் எல்லாக் கரையும் ஒன்றுபோலத்தான் தெரியும். "இடக்கரை" என்றால் நீர் ஓடும் திசையைப் பார்த்து நிற்பவரின் இடக்கைப் பக்கம். மதுரையில் செல்லூர், கோரிப்பாளையம் பக்கம் இடக்கரை, மீனாட்சியம்மன் கோயில் பக்கம் வலக்கரை. இதை முதலிலேயே பேசிவைக்காததால் வண்டி ஒரு கரையிலும் படகு ஒரு கரையிலும் நிற்பது வாடிக்கை.

தடுப்பணை வந்தால் எவ்வளவு முன்னால் நிறுத்த வேண்டும்? சின்ன அணைதானே, மேலேயே போய்விட்டால் என்ன? (கொச்சடை வாசகர்)

போகாதீர்கள். மூன்றடி உயரத்தில் வழியும் தண்ணீரும் கீழே விழுந்ததும் மேற்பரப்பில் பின்னோக்கிச் சுழலும். விழுந்த கட்டை அதே இடத்தில் உருண்டுகொண்டே கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆளும் அப்படித்தான் உருளுவார், உயிர்காப்புச் சட்டை போட்டிருந்தாலும்.

படகிலிருந்து தடுப்பணை கண்ணுக்குத் தெரியாது. ஆறு திடீரென்று ஒரு நேர்க்கோட்டில் முடிந்து, அதற்கப்பால் மரங்களின் மேல்பாதி மட்டும் தெரியும். அதுதான் அடையாளம். அணைக்கு மேலே நீர் தேங்கி அசையாமல் நிற்பதால் ஏமாந்துபோவீர்கள். குறைந்தது இருநூறு மீட்டர் முன்பே கரையேறி, படகைத் தூக்கிக்கொண்டு அணைக்குக் கீழே போங்கள். நுரை அடங்கிய இடத்தில் திரும்ப இறக்குங்கள். பிளாஸ்டிக் கேனோ என்றால் எடை 35 கிலோவுக்குக் குறையாது, இருவர் தூக்க வேண்டும். அதற்கு நடைபாதை உண்டா என்பதையும் முதல் நாளே பார்த்துவிடுங்கள். விரகனூர் மதகணை போல ஷட்டர் உள்ள இடங்களில் இந்த இருநூறு மீட்டரும் போதாது. கண்ணில் படும் முன்பே கரையேறிவிட வேண்டும்.

வைகை அணையில் தண்ணீர் திறந்தார்கள் என்று செய்தி வந்ததும் கிளம்பினோம். ஆற்றில் கணுக்கால் நனையவில்லை. ஏன்? (சமயநல்லூர் வாசகர்)

எதற்காகத் திறந்தார்கள் என்று செய்தியின் இரண்டாவது வரியைப் படித்திருக்க வேண்டும். பெரியாறு பிரதானக் கால்வாய்ப் பாசனத்துக்கு என்றால் அந்த நீர் பேரணை என்ற தடுப்பணையில் பிரிந்து மேலூர்ப் பக்கம் போய்விடும். வைகை பூர்வீகப் பாசனத்துக்கு (ஆற்றிலிருந்தே நீர் எடுக்கும் பழைய பாசனம்) என்றால்தான் உங்கள் ஊர் வழியாக ஆற்றில் வரும். சித்திரையில் அழகர் இறங்குவதற்காக விடும் நீரும் ஆற்றில் வரும். ஆனால் அந்த நாட்களில் மதுரையில் படகுக்கு ஏது இடம்!

இன்னொரு கணக்கு. வைகை அணையின் முழு உயரம் 71 அடி. 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. முதல் எச்சரிக்கை வந்துவிட்டாலே படகைக் கொட்டகையில் கவிழ்த்து வையுங்கள். நேற்று அளந்த ஆழமும் வேகமும் அதன்பின் செல்லாது.

மேலூர்க் கால்வாயில் தண்ணீர் சீராக ஓடுகிறதே, அதில் விடலாமா? (மேலூர் வாசகர்)

வேண்டாம். இறக்குவது சுலபம், ஏறுவதுதான் முடியாது. கான்கிரீட் சரிவில் பாசி படிந்திருக்கும், பிடித்து ஏற எதுவும் இராது. மேலே ஷட்டர், கீழே ஷட்டர்.

யானைக்கல் தரைப்பாலத்துப் பக்கம் இறக்கலாமா? (மதுரை வாசகர்)

சாக்கடை கலக்கும் இடம், கண்ணாடிச் சில்லும் கிடக்கும். காலில் சிறு வெட்டு இருந்தாலும் எலிக்காய்ச்சல் தொற்ற வழியாகும். ஆகாயத் தாமரை மண்டிய இடத்தில் துடுப்பும் நகராது. நகருக்கு மேற்கே இறக்கி, நகருக்குள் வரும் முன்பே ஏறிவிடுங்கள்.

ஆற்றில் நீர் இல்லாதபோது கண்மாயில் பழகலாமா? (வாடிப்பட்டி வாசகர்)

பழகலாம், ஆற்றை விட நல்ல பள்ளிக்கூடம் அது. ஊர்க்காரர்களிடமும் மீன் குத்தகைதாரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். வலை போட்ட இடத்தை அவர்தான் காட்டுவார். கல் பதித்த கரைப்பக்கம் இறக்கினால் படகின் அடி கிழியும். கரை முடியும் ஓரத்தில், ஆடு மாடு தண்ணீர் குடிக்க இறங்கும் தடத்தைத் தேடுங்கள். மாடு இறங்கும் இடத்தில் தரை கெட்டியாக இருக்கும், சாய்வும் அளவாக இருக்கும். மடை திறந்திருக்கும்போது அதன் பக்கம் போகாதீர்கள், தண்ணீர் அடியில் உறிஞ்சும். கலுங்கு (கண்மாயின் மிகுநீர் வெளியேறும் இடம்) வழியும்போதும் அப்படியே. காற்றடைத்த ரப்பர் படகு என்றால் கருவேல முள் மிதக்கும் ஓரம் ஒதுங்கவே கூடாது.

பரிசலுக்கும் இதே விதிகள்தானா? (ஆண்டிபட்டி வாசகர்)

பெரும்பாலும். பரிசல் வட்டமானது, முனை கிடையாது. எந்தப் பக்கம் கரையில் முட்டினாலும் குறுக்கே திரும்பிக் கவிழும் பயம் குறைவு. ஒரு பாய் விரிக்கும் இடம் கிடைத்தால் ஏற்றிவிடலாம். ஆனால் கேனோ போல நேராக ஓடாது, வேகமான நீரில் நினைத்த இடத்தில் நிறுத்துவது கடினம். அதனால் கரையை நெருங்கத் தொடங்க வேண்டியது கேனோவை விட இன்னும் முன்னால்.