வேலூர் பெண்டிங்க்கும் சதி ஒழித்த பெண்டிங்க்கும் ஒருவரா?

கேள்வி: குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறேன். 1806 வேலூர்ப் புரட்சியின்போது சென்னை ஆளுநர் வில்லியம் பெண்டிங்க். 1829-இல் சதியை, அதாவது கணவனின் சிதையில் மனைவி உடன்கட்டை ஏறும் வழக்கத்தை, ஒழித்த தலைமை ஆளுநர் பெயரும் அதேதான். இருவரும் ஒருவரா? ஒருவர்தான் என்றால், பதவி பறிபோனவர் எப்படித் திரும்பி வந்தார்? குறிப்பேட்டில் எப்படி எழுதி வைப்பது?

பதில்: ஒருவரேதான். 1774-இல் பிறந்தவர், போர்ட்லாந்து கோமகனின் இரண்டாவது மகன். தந்தை இரண்டு முறை பிரிட்டனின் பிரதமராக இருந்தவர். கோமகனின் இளைய மகன் என்பதால் பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ஒரு 'லார்டு' ஒட்டிக்கொண்டதே தவிர, பிரபுக்கள் சபையில் அவருக்கு இடமில்லை. தேர்தலில் நின்று காமன்ஸ் சபைக்குத்தான் போனார். அதனால் வெறும் 'பெண்டிங்க் பிரபு' என்று எழுதாமல், 'வில்லியம் பெண்டிங்க் பிரபு' என்று முழுப் பெயரையும் எழுதப் பழகுங்கள்.

சென்னைக்கு ஆளுநராக வந்தபோது வயது 28. அந்தச் சின்ன வயதில் இவ்வளவு பெரிய பொறுப்பு கிடைத்ததற்குக் குடும்பச் செல்வாக்கு முக்கியமான காரணம் என்றே நான் கருதுகிறேன். சிப்பாய்களுக்குத் தோல் சின்னம் வைத்த, தொப்பி போன்ற புதுத் தலைப்பாகையைக் கொண்டுவந்தவர் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக். நெற்றிக்குறியும் காதணியும் கூடாது என்ற விதிகளும் அவருடையவைதான். ஆனால் ஒப்புதல் தந்தது பெண்டிங்க்கின் அரசு. தலைப்பாகையை மறுத்த சிப்பாய்களில் ஒரு இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் ஆளுக்கு 900 கசையடி விழுந்தது. ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டையில் துப்பாக்கிகள் வெடித்தன.

1807-இல் ஆளுநரும் தளபதியும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். அதே ஆண்டு தந்தை இரண்டாம் முறை பிரதமரானார். அப்படியும் மகனின் பதவி தப்பவில்லை. தன்மீது சுமத்திய பழி அநியாயம் என்று கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்களிடம் முறையிட்டார்.

இடைப்பட்ட இருபது ஆண்டுகளைத்தான் பலரும் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். அவர் சும்மா இருக்கவில்லை. நெப்போலியனுக்கு எதிரான போரில் 1809-இல் ஸ்பெயினின் கொருன்னாவில் படை நடத்தினார். பிறகு சிசிலியில் பிரிட்டிஷ் படைக்குத் தலைமை ஏற்றார். அந்தத் தீவு 1812-இல் ஓர் அரசியலமைப்பைப் பெற்றதில் அவர் பங்கு பெரிது. இந்தப் பட்டறிவோடுதான் 1828-இல் கல்கத்தாவுக்கு வந்தார்.

சதி ஒழிப்பு எல்லோருக்கும் தெரியும். என்னை உலுக்குவது வேறொன்று: 1835-இல் இந்தியச் சிப்பாய்களுக்குக் கசையடித் தண்டனையே கூடாது என்று நிறுத்தியவரும் இவர்தான். அந்த 900 கசையடிக்குப் பக்கத்திலேயே இதையும் எழுதி வையுங்கள், ஆண்டு மறக்காது.

குறிப்பேட்டில் இரண்டு வரி போதும். 1803–1807: சென்னை ஆளுநர். 1828–1835: தலைமை ஆளுநர். இரண்டாவது வரியில் 1833-ஐ வட்டமிடுங்கள். வங்காளத்தின் தலைமை ஆளுநராக வந்தவர், அந்த ஆண்டின் பட்டயச் சட்டத்தால் இந்தியாவின் முதல் தலைமை ஆளுநர் ஆனார். கேள்வியில் 'வங்காளத்தின் முதல்' என்று இருந்தால் விடை வாரன் ஹேஸ்டிங்ஸ்.