ஐந்தில் ஒரு பங்கு யாருக்கு?

கேள்வி: சீனாவில் ரயில் பாதை போட்ட வெள்ளைக்காரர்கள் லாபத்திலும் பங்கு வாங்கினார்களாமே? சீன அதிகாரிகள் எப்படித் தலையாட்டினார்கள்?
- தேவகோட்டை வாசகர்

பதில்: ஆரம்பத்தில் தலையாட்டத்தான் செய்தார்கள். கஜானா காலி, ஜப்பானிடம் தோற்று நஷ்ட ஈடு கட்டிக்கொண்டிருந்த நேரம். 1898-ல் பெய்ஜிங் - ஹாங்கோ (இன்றைய வூஹான் நகரின் ஒரு பகுதி) பாதைக்குப் பெல்ஜியக் கம்பெனியிடம் 11 கோடியே 25 லட்சம் பிராங்க் கடன் வாங்கினார் சீன ரயில்வேயின் தலைமை அதிகாரி ஷெங் ஷுவான்ஹுவாய். வட்டி 5 சதவீதம். நூறுக்கு எழுதிக்கொடுத்தால் கைக்கு வந்தது தொண்ணூறு. நம்மூர் வட்டிக்காரர் முதலிலேயே பிடித்துக்கொண்டு கொடுப்பாரே, அதே கதை. இதற்கு மேல் நிகர லாபத்தில் 20 சதவீதம் வேறு! கடன் தீரும்வரை ரயிலை ஓட்டும் பொறுப்பும் பெல்ஜியக்காரர்களுக்கே.

1903-ல் ஷாங்காய் - நான்ஜிங் பாதைக்குப் பிரிட்டிஷ் கம்பெனியும் அதே 20 சதவீதத்தை எழுதி வாங்கியது. என்னைக் கேட்டால், அதில் லாபப் பங்கைவிட மோசம் நிர்வாகக் குழு விஷயம்தான். ஐந்து பேரில் சீனர்கள் இரண்டு பேர், பிரிட்டிஷ்காரர்கள் தலைமைப் பொறியாளரையும் சேர்த்து மூன்று பேர். அந்த மூவரும் ஒரு பக்கம் கை தூக்கினால் பேச்சு முடிந்தது. அப்புறம் லாபம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று யார் தட்டிக் கேட்பது?

அதற்குள் மாகாணங்களில் உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் கொதித்தெழுந்துவிட்டார்கள். 1905-ல் கான்டன் (இன்றைய குவாங்சோ) - ஹாங்கோ பாதையின் உரிமையை அமெரிக்கக் கம்பெனியிடமிருந்து 67.5 லட்சம் டாலர் கொடுத்து மீட்டார்கள். அந்தப் பணத்துக்கும் ஹாங்காங் அரசிடம்தான் கடன் என்பது தனி வேடிக்கை.

தியான்ஜின் - புகோவ் பாதையில்தான் காற்று திசை மாறியது. அதில் சீனத் தரப்பில் பேசியவர் லியாங் துன்யென். பையனாக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஜெர்மன், பிரிட்டிஷ் வங்கிக்காரர்களிடம் ஆங்கிலத்திலேயே பேரம் பேசக்கூடிய ஆள். 1908 ஜனவரியில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் கடன் 50 லட்சம் பவுன். ஆனால் லாபப் பங்கு கிடையாது. அதற்குப் பதில் ஒரே தடவை ஒரு தொகை, அவ்வளவுதான். ரயிலையும் அடமானம் வைக்கவில்லை, மூன்று மாகாணங்களின் லிகின் வரியை, அதாவது உள்நாட்டில் போகும் சரக்குகளுக்கு வழியில் வாங்கும் வரியை, ஈடு காட்டினார்கள். ஜெர்மானியர் ஒருவர், பிரிட்டிஷ்காரர் ஒருவர் என்று இரண்டு தலைமைப் பொறியாளர்கள் வந்தார்கள். சரி, வரட்டும். சீன நிர்வாக இயக்குநர் சொன்னபடி கேட்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டார்கள்.

பெல்ஜியக் கடனையும் அதே ஆண்டு புதுக்கடன் வாங்கி அடைத்தார்கள். 1909 ஜனவரி 1 முதல் பெய்ஜிங் - ஹாங்கோ ரயில் சீனர்கள் கைக்கு வந்தது.