குணா குகைக்குள்ள இறக்கி காட்டுறேன்னு தலைக்கு 1,800 ரூபா கேக்குறாங்க, குடுக்கலாமா?

கேள்வி: விருதுநகர்ல இருந்து எழுதுறேன் சார். மே மாசம் கொடைக்கானல் போறோம். நான், வீட்டுக்காரர், 11 வயசு பையன், 62 வயசு அம்மா. தூண் பாறை, குணா குகை, டால்பின் நோஸ் மூணும் பாக்கணும். ரூம் ஏற்பாடு பண்ணி குடுத்தவர், "ஆஃப்ரோடு ட்ரெக் இருக்கு, தலைக்கு 1,800, குகைக்குள்ளயே இறக்கி காட்டுவோம், ஃபாரஸ்ட் பர்மிஷன் எங்க பொறுப்பு"ங்கிறார். நம்பலாமா? அம்மாவுக்கு முழங்கால் வலி, டால்பின் நோஸ் வரை நடப்பாங்களா?

பதில்: குடுக்காதீங்க மேடம். நாலு பேருக்கு 7,200 ரூபா. அந்த காசுக்கு அவர் காட்டுறதா சொல்ற இடத்துக்கு யாருக்குமே அனுமதி கிடையாது, அப்புறம் அவர் மட்டும் எங்க இருந்து பர்மிஷன் வாங்குவார்?

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க, தூண் பாறையும் குணா குகையும் வேற வேற சமாச்சாரம் இல்ல. தூண் பாறைன்னு தூரத்துல இருந்து பாக்குறீங்களே, சுமார் 400 அடி உயரத்துக்கு மூணு பாறை நெட்டுக்குத்தலா நிக்குமே, அந்த பாறைங்களுக்கு நடுவுல கீழ வரைக்கும் போற பிளவுங்கதான் குகை. பழனி மலையில பெரும்பாலும் சார்னோகைட்ங்கிற கல்லு, நம்ம பல்லாவரம் பரங்கிமலையில இருக்குற அதே ஜாதி. ரொம்ப கெட்டி, ஆனா செங்குத்தா வெடிப்பு விழும், அந்த வெடிப்புல மழைத்தண்ணி காலங்காலமா இறங்கி இறங்கி அரிச்சு, நடுவுல இருந்தது போயி ரெண்டு பக்கமும் சுவர் மாதிரி நிக்குது. அதனால உள்ள தரைன்னு நீங்க நினைக்கிறது பாதி இடத்துல தரையே கிடையாது, சருகும் பாசியும் மூடின ஓட்டை. வெள்ளைக்காரன் காலத்துல டெவில்ஸ் கிச்சன்னு பேரு, 1991ல குணா படம் வந்த பிறகு குணா குகை ஆச்சு. 2006ல கேரளா பையன் ஒருத்தன் உள்ள விழுந்து, கூட வந்த நண்பனே கயிறு கட்டி இறங்கி தூக்கிட்டு வந்த கதை இப்ப எல்லாருக்கும் தெரியும், 2024ல படமாவே வந்துருச்சு. படம் ஓடினதும் புரோக்கருங்களுக்கு தீபாவளி. கம்பி வேலிக்கு வெளிய நின்னு மரத்து வேரையும் பாறையையும் பாத்துட்டு வாங்க, அதுவே நல்லா இருக்கும்.

"பர்மிஷன் எங்க பொறுப்பு"ங்கிற வார்த்தை காதுல விழுந்தாலே எனக்கு எரிச்சல் வரும். பல வருஷம் முன்னாடி நான் கூட்டிட்டு போன குரூப் ஒண்ணுக்கு ஒரு லாட்ஜ்ல இருந்து ரசீது குடுத்தாங்க, பாதி வழியில ஃபாரஸ்ட் கார்டு (வனக்காவலர்) மறிச்சு பாத்தா அது வேற தேதிக்கு வேற யாருக்கோ குடுத்ததோட ஜெராக்ஸ். நானும் சரியா பாக்காம வாங்கி வெச்சது தப்புதான். 16 பேரும் திரும்பி நடந்தோம், காசு திரும்பல. அதனால ரசீதுல உங்க பேரு, தேதி, எந்த பாதை, இந்த மூணும் இல்லேன்னா அது வெறும் பேப்பர். 2018 மார்ச் 11ல குரங்கணி காட்டுத்தீயில 23 பேர் போனாங்க, அதுக்கப்புறம்தான் மலையேற்றத்துக்குன்னு தனியா விதியே போட்டாங்க. 2024 அக்டோபர்ல ட்ரெக் தமிழ்நாடுன்னு அரசே 40 பாதைக்கு ஆன்லைன் புக்கிங் ஆரம்பிச்சிருக்கு, கைடும் அவங்களே தர்றாங்க. நிஜமா ட்ரெக் போகணும்னா அங்க புக் பண்ணுங்க. சைட்டு சில நேரம் சுத்திக்கிட்டே நிக்கும், பொறுமை வேணும். நேர்மையா போறவனுக்கு ஓடிபி வராது, புரோக்கருக்கு மட்டும் ரூட்டு தெரியும், நம்ம சிஸ்டம் அப்படித்தான்.

இ-பாஸ் பத்தி நீங்க கேக்கல, ஆனா அங்கதான் அடுத்த வசூல். 2024 மே 7ல இருந்து ஹைகோர்ட் உத்தரவுப்படி கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் வந்துச்சு, கிளம்புற முன்னாடி நிலவரத்த பாத்துக்கோங்க. அது இலவசம். போற வழியில 100, 200 வாங்கிட்டு எடுத்து தர்ற கடை இருக்கு, அங்க நிக்காதீங்க, வீட்லயே போன்ல எடுங்க. இதுல ஒரு விலக்கு உண்டு, அரசு பஸ்ல போனா பாஸ் தேவையில்ல. பஸ்சுல போறவங்களுக்கு மட்டும்தான் இது, "பஸ்ஸுக்கு வேணாமாமே"ன்னு சொந்த கார்ல பாஸ் இல்லாம கிளம்பிடாதீங்க. பாதி தூரம் பஸ், வத்தலக்குண்டுல இறங்கி டாக்ஸின்னா அந்த டாக்ஸிக்கு பாஸ் வேணும், டிரைவர் எடுத்திருக்காரான்னு ஏறுறதுக்கு முன்னாடி கேளுங்க, செக்போஸ்ட்ல போய் கேக்காதீங்க. பாஸ் வண்டிக்கு, ஆளுக்கு இல்ல, தலைக்கு இவ்வளவுன்னு யாராவது கேட்டா அது டுபாக்கூர்.

இப்ப அம்மா. தூண் பாறை, குணா குகை ரெண்டும் ஒரே ரோட்டுல, டாக்ஸிக்காரங்க 12 மைல் ரவுண்டுன்னு சொல்ற சுத்துலயே வந்துரும், கைடே வேணாம், தூண் பாறைக்கு வண்டியில இருந்து இறங்கி கொஞ்ச தூரம்தான். காலையில சீக்கிரம் போயிருங்க, மதியத்துக்கு மேல மேகம் ஏறிருச்சுன்னா டிக்கெட் எடுத்து வெள்ளைத்துணிய பாத்துட்டு வரணும். டால்பின் நோஸ்தான் வில்லங்கம். வட்டக்கானல்ல இருந்து சுமார் ஒரு கிலோமீட்டர்தான், ஆனா முழுக்க இறக்கம், படியெல்லாம் கிடையாது, மரத்து வேர்ல கால் வெச்சு வெச்சு இறங்கணும். மூச்சு வாங்குறது திரும்பி ஏறும்போது, முழங்கால் போறது இறங்கும்போது. அம்மாவ கூட்டிட்டு போக வேணாம். யூடியூப்ல கார் நேரா போய் நிக்குதேன்னு அவங்க சொன்னா, அது குன்னூர்ல இருக்குற டால்பின் நோஸ், இது வேற.

பையன கூட்டிட்டு போங்க, ஆனா பாறை நுனியில கம்பி கிம்பி எதுவும் கிடையாது, கைய விடாதீங்க, முதல் நாள் மழை பெஞ்சிருந்தா விட்டுருங்க. ஒருத்தர் அம்மாவோட மேல கடையில இருங்க, பிரெட் ஆம்லெட்டும் டீயும் கிடைக்கும். தண்ணிக்கு வீட்ல இருந்து எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கோங்க, அஞ்சு லிட்டருக்கு கீழ பிளாஸ்டிக் பாட்டில் பிடிச்சா ஒண்ணுக்கு 20 ரூபா வரி போடுறாங்க.