கிரவுன் பினியன் மாற்றுவதற்கு முன்: கடற்கரை வண்டிக்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

உச்சிப்புளிப் பக்கம் பட்டறை வைத்திருக்கிறேன். ஜீப், ஜிப்ஸி வண்டிகளின் ஆக்சில் வேலைதான் என் தொழில். ஆக்சிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம் கிரவுன், அதைச் சுற்றவைக்கும் சிறிய பல்சக்கரம் பினியன். மண்டபம் முதல் மூக்கையூர் வரையிலும், வடக்கே தொண்டி வரையிலும் உள்ளவர்கள் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

மூக்கையூர்: அண்ணே, என் பழைய ஜீப்பில் 28 அங்குல டயர் இருந்தது. 31 அங்குல டயர் மாட்டினேன். முன்பு ஏறிய மணல் மேட்டில் இப்போது ஏறவில்லை, டாப் கியரும் இழுக்கவில்லை. கிரவுனில் 39 பல், பினியனில் 8 பல். எதற்கு மாற்றுவது?

தம்பி, பல் எண்ணிக்கையோடு கேட்டதற்கு முதலில் பாராட்டு. பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது. 39ஐ 8ஆல் வகுத்தால் 4.88. இதைத்தான் ரேஷியோ என்கிறோம். பினியன் 4.88 முறை சுற்றினால்தான் சக்கரம் ஒரு முறை சுற்றும் என்று பொருள். டயரின் உயரம் கூடும்போது அதே ஒரு சுற்றில் வண்டி அதிக தூரம் போகிறது. அந்த அளவுக்கு இழுவை குறைகிறது. 31ஐ 28ஆல் வகுத்தால் 1.107. அதை 4.88ஆல் பெருக்கினால் 5.40. 43க்கு 8 பல் உள்ள ஜோடி 5.38 தருகிறது. அதைப் போட்டால் பழைய வண்டியின் இழுவை ஏறக்குறைய அப்படியே திரும்பி வரும்.

ஆனால் பணத்தை எடுப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். நான்கு டயரிலும் காற்றை 16 பவுண்டுக்கு இறக்கி, அதே மேட்டில் ஏற்றிப் பாருங்கள். டயர் நீளவாக்கில் படிந்து மணலுக்கு மேலே நடக்கும். என்னிடம் கியர் மாற்ற வந்தவர்களில் பலரை நான் காற்றை இறக்கச் சொல்லியே திருப்பி அனுப்பியிருக்கிறேன். மணல் மேடு ஏறிவிட்டு, டாப் கியரில் மட்டும் திணறினால் அப்போது வாருங்கள், மாற்றிவிடலாம். தார்ச்சாலைக்கு வரும் முன் காற்றை மறுபடி நிரப்ப மறந்துவிடாதீர்கள். குறைந்த காற்றில் வேகமாக ஓடினால் டயரின் பக்கச் சுவர் சூடேறிக் கிழிந்துவிடும்.

பெரியபட்டினம்: ஆக்சிலைத் திறக்காமல் என்ன ரேஷியோ என்று அறிய முடியுமா?

முடியும். பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். மற்ற மூன்றுக்கும் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வையுங்கள். தூக்கிய சக்கரத்திலும், கியர் பெட்டியிலிருந்து ஆக்சிலுக்கு வரும் புரொப்பெல்லர் ஷாஃப்டிலும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். மறு சக்கரம் நிற்பதால், இரு சக்கரத்துக்கும் சுற்றைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் பாதிதான் சுற்றும், அதனால்தான் இரண்டு சுற்று. அதற்குள் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றியது என்பதுதான் ரேஷியோ. நான்கும் ஒரு துளியும் என்றால் 4.10. ஐந்துக்குச் சற்றுக் குறைந்தால் 4.88. ஐந்தும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலும் என்றால் 5.38. இரு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் லாக்கர் பொருத்திய வண்டிக்கு இந்தக் கணக்கு வராது.

கீழக்கரை: காக்கா, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தூத்துக்குடி வரை வாரம் இரண்டு முறை ஓடுகிறேன். கடற்கரையில் வண்டி இறங்குவது மாதம் ஒரு நாள்தான். 5.38 போடலாமா?

வேண்டாம் தம்பி. 29 அங்குல டயர், டாப் கியர் நேர் ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். 80 கிலோமீட்டர் வேகத்தில் 4.10 ரேஷியோவுக்கு என்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,400 முறை சுற்றும். 4.88க்கு 2,900, 5.38க்கு 3,200. பழைய டீசல் என்ஜினை 3,200இல் இரண்டு மணி நேரம் பிடித்து வைத்தால் டீசலும் போகும், காதும் போகும். மாதம் ஒரு நாள் மணலுக்கு, இழுவையைக் கூட்டும் தனி லோ கியர் இருக்கிறது. ஜிப்ஸி போன்ற சிறிய பெட்ரோல் என்ஜின் என்றால் என் பதில் வேறு. அதற்குச் சுற்று கூடினால்தான் பலமே வரும். ஆனி, ஆடிக் கச்சான் காற்றில் பாம்பன் பாலத்தில் எதிர்க்காற்றை வாங்கிக்கொண்டு போகும்போது எண் சற்றுக் கூடிய ரேஷியோவின் அருமை தெரியும்.

தேவிபட்டினம்: செலவு அதிகம். பின் ஆக்சிலை மட்டும் இப்போது மாற்றிவிட்டு, முன்பக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

நான்கு சக்கர ஓட்டத்தை அடுத்த மாற்றம் வரை தொடவே மாட்டேன் என்று உறுதியாக இருந்தால் மட்டும். முன்னால் 4.88, பின்னால் 5.38 என்று இருக்கும்போது நான்கு சக்கரத்தையும் இணைத்தால், பின் சக்கரம் 100 மீட்டர் போகும் நேரத்தில் முன் சக்கரம் 110 மீட்டர் போகப் பார்க்கும். மணலில் அந்த 10 மீட்டர் வழுக்கலில் கரைந்துவிடும். தார்ச்சாலையில் கரைய இடமில்லை. முன்னுக்கும் பின்னுக்கும் சுற்றைப் பிரிக்கும் டிரான்ஸ்பர் கேஸிலும், ஷாஃப்டை மடங்கவிடும் யுனிவர்சல் ஜாயின்டிலும் முறுக்கு ஏறிக்கொண்டே போகும்.

இதை நான் என் சொந்த வண்டியில் பட்டுத்தான் கற்றேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பழைய ஜீப் வாங்கினேன். முன்னும் பின்னும் வேறு வேறு பல் என்று விற்றவர் சொல்லவில்லை, நானும் பார்க்கவில்லை. ஒரு மழைநாளில் மண்டபத்திலிருந்து நான்கு சக்கர ஓட்டத்திலேயே வந்தேன். லீவரை விடுவிக்க முடியவில்லை, இரண்டு கையாலும் இழுத்தும் அசையவில்லை. வீடு சேர்வதற்குள் முன் ஷாஃப்டின் ஜாயின்ட் உடைந்து, ஷாஃப்ட் தரையில் அடித்தது. அன்றிலிருந்து எந்த வண்டி வந்தாலும் இரு பக்கமும் சாக்பீஸ் கோடு போட்டு எண்ணிய பிறகுதான் மற்ற வேலை. 4.09, 4.10 போன்ற நூலிழை வித்தியாசம் பரவாயில்லை. அதற்கு மேல் ஏற்காதீர்கள்.

முதுகுளத்தூர்: பாறையில் ஓட்டுபவர்கள் மொத்த ரேஷியோ 80, 100 என்கிறார்கள். எனக்கும் அப்படி வேண்டும்.

மொத்த ரேஷியோ என்பது முதல் கியர், லோ கியர், ஆக்சில் மூன்றையும் பெருக்கி வருவது. வில்லிஸ் வழி வந்த பழைய மூன்று கியர் ஜீப்பில் 2.8, 2.46, 5.38 என்று பெருக்கினால் 37. நிமிடத்துக்கு 2,500 சுற்றில் அது மணிக்கு 9 கிலோமீட்டர் போகும். பாறையில் ஊர்வதற்கு 80 நல்லது. அங்கே ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு கல்லில் மெல்ல வைத்து எடுக்க வேண்டும். நம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட பாறை எங்கே இருக்கிறது? நமக்கு இருப்பது கடல் மணல், உப்பளச் சேறு, உங்கள் ஊர்ப் பக்கத்துக் கண்மாய்க் கரிசல். மணலில் ஊர்ந்தால் புதையும். லோ இரண்டாம் கியரில், அதே சுற்றில் 16 கிலோமீட்டர் வேகத்தில், ஆக்சிலரேட்டரை விடாமல் ஒரே சீராகப் போனால்தான் கடக்கும். 80 ரேஷியோ வண்டி அங்கே சக்கரத்தை வேகமாகச் சுற்ற முடியாமல் தன் குழியைத் தானே தோண்டும். கரிசலில் டயர்ப் பள்ளத்தில் மண் அப்பிக்கொள்ளும். அதை உதறவும் சக்கர வேகம் வேண்டும்.

இன்னொன்று. ஒரே ஆக்சிலில் எண் கூடக் கூடப் பினியன் சிறுக்கிறது. 11 பல் பினியனும் 8 பல் பினியனும் அருகருகே என் மேசையில் இருக்கின்றன, வந்து கையில் எடுத்துப் பாருங்கள். சிறிய பினியனில் ஒரே நேரத்தில் பிடிக்கும் பல்லும் குறைவு. தேவைக்கு மேல் ரேஷியோ கேட்பவர் பலத்தை விற்று இழுவையை வாங்குகிறார்.

ராமேஸ்வரம்: ஜிம்னியில் 195/80 ஆர்15 டயருக்குப் பதில் 235/75 ஆர்15 போட்டேன். கியர் மாற்ற வேண்டுமா?

தேவையில்லை. விட்டம் 693 மில்லிமீட்டரிலிருந்து 734க்குக் கூடியிருக்கிறது, 6 சதவீதம்கூட முழுதாக இல்லை. ஒரு கியர் இறக்கி ஓட்டினால் போதும். சக்கரம் முன்பைவிட அதிக தூரம் போவதால் வேகமானி காட்டுவதைவிட உண்மை வேகம் கூடியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ராமநாதபுரம்: அரிச்சல்முனை மணலில் இறக்கிப் புது கியரைச் சோதிக்கலாமா, ஐயா?

கூடாது. முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்த காலத்தில் ஜீப்பும் வேனும் வேறு வழியின்றி மணலில் ஓடின. 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்துவிட்டது. அந்தக் கரையில் ஆமைகள் முட்டையிடுகின்றன. மணலுக்கு அடியில் முட்டை இருப்பது வண்டி ஓட்டுபவருக்குத் தெரியாது. 2025இல் தனுஷ்கோடிப் பகுதி பூநாரைச் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. சொந்தப் பனங்காட்டு மணலில் சோதியுங்கள், அங்கே ஏறும் வண்டி எங்கும் ஏறும். சீமைக் கருவேல முள் மட்டும் கவனம்.

தொண்டி: படகு இழுக்க வண்டியைக் கடலில் இறக்குகிறேன். ஆக்சில் ஆயில் மோர் போல வெளுத்திருக்கிறது.

தண்ணீர் புகுந்துவிட்டது. ஓடிச் சூடான ஹவுசிங், அதாவது ஆக்சிலின் வெளிக்கூடு, கடல்நீரில் இறங்கியதும் குளிர்ந்து, உள்ளே காற்றுச் சுருங்கி, சீல் வழியாக உப்புநீரை உறிஞ்சுகிறது. ஆக்சில் மூச்சுவிடும் துளையான பிரீதரில் ஒரு குழாய் மாட்டி பானட் உயரத்துக்கு ஏற்றுங்கள். ஆயிலை இன்றே மாற்றுங்கள், நாளை வேண்டாம். உப்புநீர் பியரிங்கில் ஓரிரவு தங்கினாலே துருப்புள்ளி விழும்.

மண்டபம்: வேறு இடத்தில் 5.38 போட்டேன். ஆக்சிலரேட்டர் கொடுத்தால் ஊளையிடுகிறது. ஓடி ஓடிச் சரியாகிவிடும் என்கிறார்கள்.

சரியாகாது அம்மா. ஊளையிடும் பல் தேய்ந்துகொண்டிருக்கிறது. இதை மூடி திறந்து பார்க்க வேண்டும். கிரவுன் பல்லில் மார்க்கிங் பசை தடவிச் சுற்றினால், பிடிக்கும் இடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். நுனியிலோ அடியிலோ விழுந்தால் பினியனுக்கு அடியில் உள்ள ஷிம், அதாவது மெல்லிய தகட்டு வளையத்தின் கனம், தவறு. பல் இடைவெளி பெரும்பாலான ஜீப் ஆக்சிலுக்கு 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். அதை டயல் கேஜ் வைத்துத்தான் அளக்க வேண்டும், கையால் ஆட்டிப் பார்த்துச் சொல்வது அளவாகாது. கிரவுனிலும் பினியனிலும் பொறித்திருக்கும் ஜோடி எண் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டையும் சேர்த்துத்தான் தேய்த்துப் பொருத்துகிறார்கள், வேறு வேறு ஜோடியிலிருந்து எடுத்துச் சேர்த்தால் எந்த ஷிம்மும் உதவாது.

அதுவரை வண்டியை ஓட்டாதீர்கள். சரிசெய்த பிறகு முதல் ஓட்டம் 25 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம், நிறுத்தி முழுதாக ஆறவிடுங்கள். 800 கிலோமீட்டர் வரை எதையும் கட்டி இழுக்காமல் இருந்து, அப்போது ஆயிலை மாற்றுங்கள். வடிக்கும் ஆயிலில் மைபோல் மெல்லிய இரும்புத் தூள் இருப்பது இயல்பு. விரலில் நெருடும் துண்டு கிடைத்தால் அதை ஒரு தாளில் மடித்து என்னிடம் கொண்டுவாருங்கள்.