பன்றி ஈரல், மான் இறைச்சி, மஞ்சள் காமாலை

கேள்வி: பன்றிக்கறி சாப்பிட்டால் மஞ்சள் காமாலை வரும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. காமாலை அசுத்தமான தண்ணீரால் வருவது என்றுதானே படித்திருக்கிறோம்? ஒரு நோய் விலங்கிடமிருந்துதான் வந்தது என்பதை எப்படி உறுதி செய்கிறார்கள்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: செய்தி பாதி உண்மை, எந்த நாட்டைப் பற்றிய செய்தி என்பதைச் சொல்லாமல் விட்டதில்தான் குழப்பம். இது ஹெபடைடிஸ் ஈ என்ற வைரஸைப் பற்றியது. இதன் 1, 2 ஆகிய மரபணு வகைகள் மனிதரிடம் மட்டுமே காணப்படுபவை. சாக்கடை கலந்த குடிநீரால் பரவுபவை. 1955-56இல் தில்லியில் யமுனை நீர் மாசுபட்டு ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை வந்ததற்கும் இந்த வைரஸே காரணம் என்பது பல ஆண்டுகளுக்குப் பின், பாதுகாத்து வைத்திருந்த இரத்த மாதிரிகளைச் சோதித்தபோது தெரியவந்தது. 3, 4 ஆகிய வகைகளோ பன்றி, காட்டுப்பன்றி, மான் ஆகியவற்றிடம் இருந்து, பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்ணும் இறைச்சியின் வழியே மனிதருக்கு வருபவை.

தடம் பிடிப்பது எளிதன்று. தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே தெரியாது. தெரிபவர்களுக்கும் இரண்டு முதல் பத்து வாரங்கள் கழித்தே கண் மஞ்சளாகிறது. போன மாதம் எந்த விருந்தில் என்ன சாப்பிட்டோம் என்று நம்மில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? அப்படியே சொன்னாலும், மிச்சம் வைக்காமல் உண்டுவிட்ட உணவை ஆய்வகத்துக்கு அனுப்ப முடியாது.

ஜப்பானில் 2003இல் வெளியான ஓர் ஆய்வு முக்கியமாகக் கருதப்படுவது இதனால்தான். ஹியோகோ மாநிலத்தில் நான்கு பேருக்கு ஹெபடைடிஸ் ஈ வந்தது. நால்வரும் ஆறேழு வாரங்களுக்கு முன் மான் இறைச்சியைப் பச்சையாக உண்டவர்கள். பிறகு சாப்பிடலாம் என்று அதே இறைச்சியில் ஒரு பகுதியை உறையவைத்திருந்தார்கள். அதைச் சோதித்தபோது அதிலிருந்த வைரஸின் மரபணு வரிசையும் நோயாளிகளிடம் கிடைத்த வரிசையும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தன. அந்த இறைச்சியைத் தொடாத, அல்லது மிகக் கொஞ்சமாகவே உண்ட குடும்பத்தினருக்கோ தொற்றே இல்லை. அதே ஆண்டு ஹொக்கைடோவில், கடைகளில் விற்ற 363 பன்றி ஈரல் பொட்டலங்களில் ஏழில் வைரஸ் இருப்பது தெரிந்தது. அங்கு ஆய்வு செய்யப்பட்ட பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் நோய்க்கு முந்தைய வாரங்களில் பன்றி ஈரல் உண்டிருந்தார்கள். ஆயினும் உணவகங்களில் பன்றி இறைச்சியைப் பச்சையாகப் பரிமாற அந்நாடு தடை விதித்தது 2015இல்தான்.

இந்தியப் பன்றிகளிடமும் இவ்வைரஸ் உண்டு. ஆனால் அவற்றிடம் கிடைத்தது பெரும்பாலும் 4ஆம் வகை, இங்குள்ள நோயாளிகளிடம் கிடைப்பதோ 1ஆம் வகை. வரிசைகள் பொருந்தாததால், நம் ஊர்க் காமாலைக்குப் பன்றியைக் குற்றம் சொல்வதற்கில்லை. குடிநீர்க் குழாயைத்தான் பார்க்க வேண்டும். பன்றிக்கறியை எப்படியும் நன்றாக வேகவைத்தே உண்ணுங்கள். இறைச்சியின் உட்பகுதி 71 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் வெந்தால் இவ்வைரஸ் செயலிழந்துவிடுகிறது. மேலாக வாட்டி எடுப்பது போதாது.

கேள்வி: எலியிடமிருந்தும் இது பரவுமாமே?
– வாசகி, புதுச்சேரி

பதில்: பரவும், ஆனால் அரிதாக. எலியிடம் உள்ள ஹெபடைடிஸ் ஈ வைரஸ் 2010இல் ஜெர்மனியில் இனங்காணப்பட்டது. மனிதரை அது தொற்றாது என்றே வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். 2018இல் ஹாங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவரிடம் அதைக் கண்டதாக அறிவித்தார்கள். அவருடைய இரத்தத்தில் ஹெபடைடிஸ் ஈ நோய்க்கான எதிர்ப்புப் பொருள் இருந்தும், வைரஸைத் தேடும் பிசிஆர் சோதனை ‘இல்லை’ என்றே காட்டியது. வழக்கமான பிசிஆர் மனிதரைத் தொற்றும் வகைகளின் மரபணு வரிசைக்கேற்ப அமைக்கப்பட்டது. எலி வைரஸின் வரிசை அவற்றிலிருந்து வெகுவாக விலகியது என்பதால் சோதனையின் கண்ணில் அது படவில்லை. முரண்பட்ட இந்த இரண்டு முடிவுகளையும் ஒதுக்கித் தள்ளாமல், எலி வைரஸுக்கென்றே தனிச் சோதனை வைத்துத் தேடியதால்தான் அது அகப்பட்டது. பிறகு அதே ஊரிலும், காரணம் தெரியாத கல்லீரல் அழற்சி கண்டவர்களின் மாதிரிகளை மறுபடி ஆராய்ந்த ஸ்பெயினிலும் மேலும் சிலரிடம் அவ்வைரஸ் கண்டறியப்பட்டது.