வாசகர் கேள்வி – பதில்: குரங்கு பையைப் பிடித்தால்?

கேள்வி: தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்களைப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கும் தாவரவியல் பூங்காவுக்கும் அழைத்துப் போகிறோம். சிறு பிள்ளைகளும் வருகிறார்கள். போன முறை ஒரு குரங்கு பழப்பையைப் பிடுங்கியது. என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அங்கே கைவைப்பவை பெரும்பாலும் நீண்டவால் குரங்குகள். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமுள்ள கருங்குரங்கு சாது. ஆனாலும் தள்ளியே நில்லுங்கள்.

பிளாஸ்டிக் பை சலசலத்தாலே அவற்றுக்குச் சாப்பாட்டு நினைப்பு. அர்ச்சனைத் தேங்காய், வாழைப்பழம் எல்லாம் ஜிப் மூடிய துணிப்பைக்குள் போகட்டும். தண்ணீர் போத்தலையும் கையில் பிடிக்காதீர்கள். பையைப் பற்றிவிட்டால் இழுபறி வேண்டாம், விட்டுவிடுங்கள். கடி பெரும்பாலும் அந்த இழுபறியில்தான் விழுகிறது.

கண்ணுக்குக் கண் பார்ப்பதும் பல் தெரியச் சிரிப்பதும் குரங்குக்குச் சவால். பிள்ளைகளிடம் இதை வீட்டிலேயே சொல்லிவையுங்கள். குட்டியோடு இருக்கும் தாயருகே படம் எடுக்கவே வேண்டாம். சீறினால் ஓடாமல், முதுகு காட்டாமல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மெல்லப் பின்வாங்குங்கள்.

கடித்தாலோ கீறினாலோ உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும். 15 நிமிடம் முழுசாகக் கழுவுங்கள். மஞ்சள், காப்பித்தூள் எதுவும் அப்ப வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போய், கடித்தது குரங்கு என்று சொல்லுங்கள். டெட்டனஸ், ரேபிஸ் ஊசிகளோடு, நீண்டவால் குரங்குகளிடம் இருக்கும் பி வைரஸ் என்ற கிருமியையும் மருத்துவர் கணக்கில் எடுப்பார். அது மனிதருக்குத் தொற்றுவது மிக அபூர்வம், தொற்றினால் மூளையைத் தாக்கும்.

ஒரு கச்சான் பொட்டலம்கூட கொடுக்காதீர்கள். நீங்கள் கொடுத்துப் பழக்கிய குரங்கு, அடுத்து வரும் குழந்தையின் கையைத்தான் பிடிக்கும்.