நன்னாரி சர்பத்: பாட்டில் வாங்கலாமா, வீட்டிலேயே காய்ச்சலாமா?

கேள்வி: கடையில் வாங்கும் நன்னாரி சர்பத்தில் உண்மையிலேயே நன்னாரி இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வேரை அரை மணி நேரம் கொதிக்கவைத்து வீட்டிலேயே செய்து பார்த்தேன். வாசனையே இல்லை, பத்து நாளில் அடியில் சர்க்கரை உறைந்துவிட்டது.
- வாசகி, மதுரை

பதில்: பாட்டிலின் முன்பக்கம் இருக்கும் வேர்ப் படத்தை நம்பாதீர்கள். பின்பக்கம் திருப்பி, என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியலைப் படியுங்கள். எடையில் அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது விதி. சர்க்கரையும் தண்ணீரும் முதலில் வருவதில் தவறில்லை, சர்பத் என்றாலே பாகுதான். ஆனால் நன்னாரி வேர்ச் சாறு என்று எங்குமே இல்லாமல், செயற்கை மணமும் 150 என்ற எண்ணில் தொடங்கும் கேரமல் நிறமும் மட்டும் இருந்தால் அதற்குக் காசு கொடுக்காதீர்கள். பட்டியலில் 211 என்ற எண் இருந்தால் அது சோடியம் பென்சோயேட். கெடாமல் இருக்கச் சேர்ப்பது, அளவோடு அனுமதி உண்டு.

சரி, வீட்டுப் பாகுக்கு வருவோம். நன்னாரியின் வாசனை ஆவியோடு போய்விடும். அதனால் வேரைக் கொதிக்கவிடவே கூடாது. 50 கிராம் வேரைக் கழுவித் தட்டி, நடுவில் இருக்கும் கட்டைத் தண்டை எடுத்துவிடுங்கள். மணம் தோலில்தான் இருக்கிறது. 600 மில்லி கொதிநீரை அதன்மேல் ஊற்றி மூடி, ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். மறுநாள் வடிகட்டினால் அரை லிட்டர் கிடைக்கும். அதில் ஒரு கிலோ சர்க்கரையைப் போட்டு, இளந்தீயில் கரைந்ததும் ஒரு கொதியோடு இறக்குங்கள். கம்பிப் பதம் வரை விட்டால் உறையத்தான் செய்யும். இறக்கும் முன் ஒரு எலுமிச்சம்பழத்தின் சாற்றைச் சேருங்கள். புளிப்பு சர்க்கரையின் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைப்பதால் உறைவது குறையும். கடைச் சர்பத்தின் கருஞ்சிவப்பு வராது, வரவும் வேண்டாம்.

சர்க்கரையை மட்டும் குறைக்காதீர்கள். இவ்வளவு சர்க்கரை இருப்பதால்தான் கெடாமல் காக்கும் பொருள் எதுவும் சேர்க்காமலே பாகு தாங்குகிறது. ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள்.

வேரை நாட்டு மருந்துக் கடையில் கேளுங்கள். மாகாளிக் கிழங்கின் வேருக்கும் இதே வாசனைதான், அதையே நன்னாரி என்று கொடுப்பதும் உண்டு. நன்னாரி மெல்லியதாக, கம்பி போல இருக்கும், மாகாளி தடிமனானது. ஒரு துண்டை ஒடித்து முகர்ந்து பார்த்து, மணம் தூக்கலாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.